10.0.2.15: ஒரு பி.பி. நம்பரின் கதை

கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் ஒரு தொலைபேசி எண்ணைப் போட்டு, பக்கத்தில் "பி.பி." என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து அச்சடித்த காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். போன் நம்முடையது அல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது. டிரங்க் கால் நாட்களில் 'பர்ட்டிகுலர் பர்சன்' என்று ஆளின் பெயரைச் சொல்லி புக் செய்வது வழக்கம். அந்தப் பெயர்தான் சுருங்கி, இரவல் போனுக்கு அடையாளமாக ஒட்டிக்கொண்டது. விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த அந்த நாட்களில் ஒரே எண்ணை நாலு குடும்பம் பகிர்ந்துகொண்டது. நாம் வெளியே பேச வேண்டுமானால் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிடலாம். வெளியிலிருந்து ஒருவர் நம்மைக் கூப்பிட வேண்டுமானால், அந்த வீட்டு மாமி மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தால்தான் உண்டு.

இன்றைய கட்டுரை தொலைபேசியைப் பற்றியது அல்ல, 10.0.2.15 என்ற ஒரு கணினி முகவரியைப் பற்றியது. புதுக் கணினிக்குள் பழைய கணினியை வைத்து ஓட்டும் மெய்நிகர் மென்பொருளை நிறுவிய யாரும் இந்த எண்ணைப் பார்த்திருப்பார்கள். திருச்சியில் நிறுவினாலும் டொரான்டோவில் நிறுவினாலும் பெரும்பாலும் இதே எண்தான் வரும். உள்ளே இருக்கும் கணினி வெளியே போகிறது, ஆனால் வெளியே இருந்து அதை யாராலும் கூப்பிட முடியவில்லை. "நெட்வொர்க் கெட்டுப்போச்சு" என்று நினைத்துப் பலர் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். எதுவும் கெடவில்லை. அது ஒரு பி.பி. நம்பர், அவ்வளவுதான். அந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தானாகவே அவிழ்ந்துவிடும்.

கணினிக்குள் கணினி

ஒரு கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் காட்டும் வித்தை புதிதல்ல. 1960களின் நடுவில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் சி.பி-40 என்ற பெயரில் இதைச் செய்து பார்த்தார்கள். அன்றைக்கு ஒரு கணினி ஒரு கூடத்தையே அடைத்துக்கொள்ளும், விலையும் கோடிக்கணக்கில். ஆளுக்கு ஒன்று கொடுக்க முடியாது. ஆகவே ஒன்றையே பலருக்கும் தனித்தனியாக இருப்பதுபோல் பங்கு போட்டார்கள். 1972 ஆகஸ்டில் அது வி.எம்/370 என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது.

மேஜைக் கணினிக்கு இந்த வித்தை வர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. நம் வீடுகளில் இருந்த இன்டெல் வகைச் சில்லுகள் இந்த வேலைக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டவை அல்ல. 1998-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம் அதற்கு வழி கண்டுபிடித்து, 1999-ல் தன் முதல் மென்பொருளை வெளியிட்டது. 2003-ல் பிரான்சின் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற தனி மனிதர் க்யூ.இ.எம்.யூ. என்ற இலவச மென்பொருளை எழுதினார். 2007 ஜனவரியில் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் வர்ச்சுவல்பாக்ஸை இலவசமாகத் திறந்துவிட்டது. 2008-ல் சன் நிறுவனம் இன்னோடெக்கை வாங்கியது, 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. நம்மில் பலர் வீட்டில் இருப்பது இந்த வர்ச்சுவல்பாக்ஸ்தான்.

கணினிக்குள் கணினி வைத்தாயிற்று. அதற்கு முகவரி எங்கே போவது?

ஒரே கதவு எண், பத்துக் குடித்தனம்

இணைய முகவரி முறை 1981-ல் முடிவானது. மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். அப்போதே உலக மக்கள்தொகை அதற்கு மேல். ஆனால் கணினி என்பது பல்கலைக்கழகத்துக்கும் ராணுவத்துக்கும் உரிய பொருளாக இருந்தபோது யார் இதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்? பெரிய நிறுவனங்களுக்கு சுமார் 1.68 கோடி எண்கள் கொண்ட தொகுதிகளையே அள்ளிக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொதுமக்களும் உள்ளே வரத் தொடங்கியதும் கையிருப்பு கரைவது தெரிந்தது.

1994-ல் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்கும் கணினிகளுக்கு யார் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய தனியார் எண்களை ஒதுக்குவது. அந்த ஏற்பாடு 1996 பிப்ரவரியில் இறுதி வடிவம் பெற்றது. 192.168 என்று தொடங்கும் எண்களும் 10 என்று தொடங்கும் எண்களும் அதில் அடக்கம். இந்த 10-க்கு ஒரு பூர்வீகம் உண்டு. இணையத்தின் தாய் என்று சொல்லப்படும் ஆர்பாநெட்டின் சொந்த எண் அது. 1990-ல் ஆர்பாநெட்டை மூடிய பிறகு அந்தத் தொகுதி காலியாகக் கிடந்தது. பெரியவர் காலமானதும் அவர் வீட்டைச் சத்திரமாக்கியதுபோல, எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள்.

இரண்டாவது யோசனை 'நேட்' எனப்படும் முகவரி மாற்றம். ஸ்ரீரங்கத்திலும் மலைக்கோட்டைப் பக்கத்திலும் 'ஸ்டோர்' வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தெருவில் ஒரே கதவு, ஒரே எண். உள்ளே நீளமான நடை, பொதுக் கிணறு, வரிசையாகப் பத்துக் குடித்தனம். தபால்காரருக்குத் தெரிந்தது தெருக்கதவு எண் மட்டுமே. உள்ளே இருக்கும் நாலாம் போர்ஷன்காரர் எழுதும் கடிதத்திலும் அனுப்புநர் முகவரி அதே கதவு எண்தான். பதில் வந்தால், யார் எழுதினார்கள் என்று நினைவு வைத்திருக்கும் வீட்டுக்காரர் அதை உரிய போர்ஷனில் சேர்ப்பார். முன்பின் எழுதாமல் திடீரென்று வந்த கடிதமானால், எந்தப் போர்ஷனுக்கு என்று அவருக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிவிடுவார். நேட் என்பது அந்த வீட்டுக்காரர். வெளியே போவது சுலபம், அழைக்காமல் உள்ளே வருவது இல்லை.

1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் ஓர் இணைப்பைப் பல கணினிகளுக்குப் பங்கு போடும் வசதி இருந்தது. அதில் தலைமைக் கணினியின் எண் 192.168.0.1. புத்தூர் நால்ரோட்டுப் பக்கம் மணிக்கு இத்தனை ரூபாய் என்று பலகை மாட்டிய பிரௌசிங் சென்டர்களில், ஒரு தொலைபேசி இணைப்பை ஏழெட்டுக் கணினிகள் பிய்த்துத் தின்றதும் இப்படிப்பட்ட ஏற்பாட்டில்தான். நம் ஊர் பார்த்த முதல் நேட் அந்தத் தட்டிப் பலகைத் தடுப்புகளுக்கு நடுவே இருந்தது என்று சொல்லலாம்.

1995: இரண்டு வகை இணையம்

இனி நம் கதாநாயகனின் பிறப்பு. இந்தியாவில் இணையம் அதற்கு முன்பே இருந்தது. 1986-ல் மத்திய மின்னணுத் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு தொடங்கிய எர்நெட், சென்னை ஐ.ஐ.டி. போன்ற உயர்கல்வி நிறுவனங்களை இணைத்தது. ஆனால் சாதாரண மனிதருக்குக் கதவு திறந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற வி.எஸ்.என்.எல்., மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் பொதுமக்களுக்கான சேவையைத் தொடங்கியது. திருச்சி அந்தப் பட்டியலில் இல்லை. வேண்டுமென்றால் சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் இணைய வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் கால்வாசி ஆகும் வரை கண்விழித்துக் காத்திருந்த இளைஞர்கள் நம் தெருக்களிலும் இருந்தார்கள்.

கட்டணத்தைக் கேட்டால் இன்றைய பேரன்கள் நம்ப மாட்டார்கள். தனி நபருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். முழுமையான இணைய இணைப்பு, அதாவது நம் கணினிக்கே ஓர் ஐ.பி. எண் கிடைக்கும் வகை, நிறுவனங்களுக்கு 15,000 ரூபாய். மலிவான 'ஷெல்' கணக்கில் நமக்குக் கிடைத்தது ஓர் எழுத்துத் திரை மட்டுமே. சென்னையில் இருக்கும் அவர்களுடைய கணினியில் நாம் ஒரு விருந்தாளி. அங்கே போய் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறோம். மின்னஞ்சல் படிக்கலாம், எழுத்து வடிவில் பக்கங்களைப் பார்க்கலாம். படம் கிடையாது. நம் வீட்டுக் கணினி இணையத்தில் இல்லை, நாம் மட்டும் எட்டிப் பார்க்கிறோம். மாணவர்களுக்கு இதைவிட மலிவாக ஒரு ஷெல் கணக்கு கொடுத்தார்கள்.

இந்த இரண்டு வகை நம் நாட்டின் விசேஷம் அல்ல. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல்கலைக்கழக மாணவர்கள் அதே ஷெல் கணக்கில்தான் இருந்தார்கள். முழு இணைப்புக்குப் பணம் இல்லாத இடத்தில் மூளை வேலை செய்யும் அல்லவா? 1995-ல் ஆஸ்திரேலியாவின் டேனி கஸ்பரோவ்ஸ்கி 'ஸ்லர்ப்' என்ற ஒரு சிறு புரோகிராமை எழுதி இலவசமாகக் கொடுத்தார். நம் ஊர் மாணவர்களிடையே ஷெல்சாக் என்ற புரோகிராம் இதே மாதிரி வேலைக்குப் பெயர் பெற்றிருந்தது. நோக்கம் ஒன்றுதான்: ஏழையின் ஷெல் கணக்கிலேயே பணக்காரரின் இணையத்தைப் பார்ப்பது.

ஸ்லர்ப் செய்த தந்திரம் அழகானது. சர்வரில் அதுவும் ஒரு சாதாரணப் பயனாளியின் புரோகிராமாகவே ஓடும், எந்தச் சிறப்பு அதிகாரமும் கேட்காது. வீட்டுக் கணினியிடம் "நீதான் 10.0.2.15. வெளியே போக வேண்டுமா, 10.0.2.2 வழியாகப் போ. பெயரைச் சொல்லி எண் கேட்க வேண்டுமா, 10.0.2.3-ஐக் கேள்" என்று சொல்லும். வீட்டுக் கணினி அனுப்புவதை எல்லாம் வாங்கி, தன் பெயரில் வெளியே இணைப்பு எடுத்து, பதிலைத் திருப்பிக் கொடுக்கும். சர்வரின் நிர்வாகிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மாணவர் ஏதோ புரோகிராம் ஓட்டுகிறார் என்பது மட்டுமே. ஒவ்வொருவருக்கும் அவரவர் ஸ்லர்ப் என்பதால், எல்லோரும் 10.0.2.15 ஆக இருப்பதில் எந்தச் சண்டையும் இல்லை. பத்து ஸ்டோரிலும் ஒரு 'மாடி போர்ஷன்' இருப்பதுபோல.

இறந்தவர் மறுபிறவி எடுத்தார்

சில வருடங்களில் முழு இணைப்பு மலிவாயிற்று. ஷெல் கணக்குகள் வழக்கொழிந்தன. ஸ்லர்ப்பும் அதோடு போயிருக்க வேண்டும். ஆனால் 2004 வாக்கில் க்யூ.இ.எம்.யூ.வுக்கு ஒரு தேவை வந்தது. மெய்நிகர் கணினியை ஓட்டுபவர் சாதாரணப் பயனாளி, நிர்வாகி அதிகாரம் அவரிடம் இருக்காது. இருந்தும் உள்ளே இருக்கும் கணினிக்கு இணையம் வேண்டும். பத்து வருடம் முன்பு ஷெல் கணக்கு மாணவனுக்கு இருந்த அதே நிலைமை. தொலைபேசிக் கம்பிக்குப் பதில் கணினிக்குள்ளேயே ஒரு கற்பனைக் கம்பி, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே ஸ்லர்ப்பை எடுத்து அப்படியே உள்ளே பொருத்திவிட்டார்கள். வர்ச்சுவல்பாக்ஸின் நேட் முறையும் அந்தக் குடும்பத்திலிருந்தே கிளைத்தது. ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவர்கள் பயன்படுத்தும் மெய்நிகர் கைபேசிக்கும் அதே எண்தான்.

எண்கள் மட்டுமல்ல, பழைய காலத்தின் கைரேகைகள் வேறு இடங்களிலும் இருக்கின்றன. "இணையப் பக்கம் திறக்கிறது, ஆனால் பிங் போகவில்லை" என்ற புகார் பல வருடங்களாக உண்டு. பிங் என்பது 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் எழுதிய சோதனைப் புரோகிராம். "இருக்கிறாயா?" என்று ஒரு தட்டு தட்டிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. யூனிக்ஸ் கணினிகளில் அப்படித் தட்ட நிர்வாகி அதிகாரம் தேவைப்பட்டது. அதிகாரமில்லாத மாணவனுக்காக எழுதிய ஸ்லர்ப்பால் அதைச் செய்ய இயலாது. வர்ச்சுவல்பாக்ஸ் இந்தக் குறையைப் பிற்காலத்தில் பெருமளவு சரிசெய்தது. என்றாலும் நேட் முறையில் பிங் பதில் சொல்லாததை வைத்து இணைப்பே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இன்னொன்று, வர்ச்சுவல்பாக்ஸ் தன் கற்பனை நெட்வொர்க் அட்டைகளுக்குக் கொடுக்கும் வன்பொருள் எண் 08:00:27 என்று தொடங்கும். அந்தத் தொடக்கம் முதலில் பதிவானது கேட்மஸ் என்ற பழைய கணினிகளின் பெயரில். அந்தக் கணினிகள் மறைந்துவிட்டன, எண் மட்டும் கோடிக்கணக்கான கற்பனை அட்டைகளில் வாழ்கிறது.

வாத்தியாரின் அறுநூறு பக்கம்

இந்தப் பழங்கதையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்காக ஒரு சம்பவம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், வயது 81. உய்யக்கொண்டான் வாய்க்கால், அதன் மதகுகள், குழுமாயி அம்மன் திருவிழாவின் பழைய நடைமுறைகள், இப்போது இல்லாத தெருப்பெயர்கள் என்று பத்து வருடம் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு அறுநூறு பக்கம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். சொன்னவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. எல்லாம் யுனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை அறிவித்ததே, அந்தக் காலத்துச் சரக்கு. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் மட்டும் ஓடும் ஒரு தட்டச்சு மென்பொருளில் சேமித்தவை.

பழைய கணினி மூச்சு விடும் முன்பே பேரன் அதன் வன்தட்டை நகலெடுத்து, புது மடிக்கணினிக்குள் மெய்நிகர் கணினியாக வைத்துவிட்டான். நல்ல காரியம். கோப்புகள் உள்ளே திறக்கின்றன. வெளியே எடுக்க முடியவில்லை. உதவிக்கு லினக்ஸ் ஒன்றையும் இன்னொரு மெய்நிகர் கணினியாக நிறுவிப் பார்த்தான். இரண்டிலும் 10.0.2.15. "ரெண்டுக்கும் ஒரே ஐ.பி. தாத்தா, அதான் மோதுது" என்றான்.

வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க டெலிபோன்ஸ்ல இருந்தவர். ஒரு நம்பர் ரெண்டு பேருக்கு எப்படி சார் கொடுப்பாங்க? என் காலத்துக்குள்ள இதை வெளியில எடுத்துடணும்" என்றார்.

"மோதல் எதுவும் இல்லீங்க. ரெண்டும் வேற வேற ஸ்டோர் வீடு. ரெண்டுலயும் ஒரு மாடி போர்ஷன் இருக்கு, அவ்வளவுதான். ஒண்ணை ஒண்ணு பார்க்கணும்னா நடுவுல பொது முற்றம் வேணும்" என்றேன். திருவானைக்காவல் ஸ்டோரில் பிறந்து வளர்ந்தவர், உடனே புரிந்துகொண்டார்.

அந்தப் பொது முற்றத்துக்குப் பெயர் 'ஹோஸ்ட் ஒன்லி'. மெய்நிகர் கணினிகளும் அவை குடியிருக்கும் கணினியும் மட்டும் பேசிக்கொள்ளும் வலை. வர்ச்சுவல்பாக்ஸில் வழக்கமாக மடிக்கணினிக்கு 192.168.56.1 என்ற எண் வரும், உள்ளே இருப்பவற்றுக்கு அதே வரிசையில் வேறு எண்கள். எக்ஸ்.பி.யின் நேட் இணைப்பைக் கழற்றிவிட்டு இந்த இணைப்பை மட்டும் கொடுத்தோம். கோப்புறைப் பகிர்வு மூலம் எடுக்கலாம் என்று பேரன் பார்த்தான். எக்ஸ்.பி. பேசும் பழைய பகிர்வு மொழியை விண்டோஸ் 10, 2017-லிருந்து புதிய நிறுவல்களில் விட்டுவிட்டது. அதை மீண்டும் இயக்கலாம் என்றான், வேண்டாம் என்று தடுத்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மடிக்கணினியில் ஒரு சிறு எஃப்.டி.பி. சர்வரை ஓடவிட்டு, தீச்சுவரில் அதற்கு அனுமதி கொடுத்து, எக்ஸ்.பி.யின் கறுப்புத் திரையிலிருந்து 192.168.56.1-க்கு ஒவ்வொரு கோப்புறையாக அனுப்பினோம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் கொண்டு யுனிகோடுக்கு மாற்றும் வேலை ஒரு மாதம் நடந்தது. ககரமும் ஙகரமும் இடம் மாறிய இடங்களை வாத்தியாரே பென்சிலோடு உட்கார்ந்து திருத்தினார்.

எண்ணைப் பார்த்து நோயைச் சொல்லலாம்

வீட்டில் இப்படி ஒரு மெய்நிகர் கணினி வைத்திருப்பவர்கள் சிக்கல் வந்தால் முதலில் உள்ளே காட்டும் எண்ணைப் பாருங்கள். நாடி பார்ப்பதுபோல.

10.0.2.15 என்றால் நேட். வெளியே போகலாம், உள்ளே வர முடியாது. வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் உள்ளே கூப்பிட வேண்டுமென்றால் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்ற அமைப்பு இருக்கிறது. "இந்த எண்ணில் யாராவது கேட்டால் மாடியில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்" என்று வீட்டம்மாவிடம் சொல்லி வைப்பது அது. அசல் பி.பி. முறை. உள்ளே இருக்கும் கணினி தன்னைத் தாங்கும் மடிக்கணினியிடம் பேச வேண்டுமென்றால் 10.0.2.2 என்று கூப்பிடலாம்.

வீட்டில் மற்றக் கணினிகளுக்கு வரும் 192.168.1 போன்ற வரிசையிலேயே ஓர் எண் வந்தால் அது 'பிரிட்ஜ்' முறை. போர்ஷனுக்குத் தெருப்பக்கம் தனிக் கதவு வைத்த மாதிரி. பிரிண்டர் முதல் தொலைக்காட்சி வரை எல்லோரும் அதைப் பார்க்கலாம். கம்பி இணைப்பில் இது ஒழுங்காக நடக்கும். வைஃபையில் சில சமயம் முரண்டு பிடிக்கும். வைஃபை பெட்டி தன்னிடம் பதிவு செய்துகொண்ட ஒரு வன்பொருள் எண்ணை மட்டுமே ஏற்கும், அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் வருவதை ஒப்பாது. மென்பொருள்கள் எண்ணை மாற்றி எழுதிச் சமாளிக்கின்றன, எல்லாப் பெட்டியிடமும் அது பலிப்பதில்லை. அப்போது நேட்டுக்குத் திரும்புவதுதான் புத்திசாலித்தனம்.

192.168.56 என்று தொடங்கினால் முன்பு சொன்ன பொது முற்றம். இணையம் வரவில்லையே என்று கேட்காதீர்கள், அங்கே தெருவாசல் கிடையாது.

169.254 என்று தொடங்கினால், "எனக்கு எண் கொடுங்கள்" என்று கணினி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை, தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். கற்பனைக் கம்பி செருகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் ஒரு டிக் இருக்கும், அதைப் பாருங்கள். எண் வழங்கும் சேவை அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணே இல்லை, நெட்வொர்க் அட்டையே தெரியவில்லை என்றால், எந்த அட்டையின் வேஷத்தை மென்பொருள் போட்டிருக்கிறது என்று கவனியுங்கள். எக்ஸ்.பி.க்கு ஏ.எம்.டி.யின் பி.சி.நெட் அட்டை பிறவியிலேயே தெரியும், விஸ்டாவுக்குப் பிறகு வந்தவற்றுக்கு இன்டெல் அட்டைதான் தெரியும். மெய்நிகர் கணினியை நகலெடுத்தவர்கள் வன்பொருள் எண்ணையும் புதிதாக்கச் சொன்னார்களா என்று பாருங்கள். ஒரே முற்றத்தில் இரட்டையர் ஒரே பெயரில் இருந்தால் பதில் எங்கே போகும்? மடிக்கணினியை மகன் வீட்டுக்கு எடுத்துப் போன இடத்தில் எண் வழியாகப் போகிறது, பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால், உள்ளே இருப்பது பழைய வீட்டின் பெயர் விசாரிக்கும் சர்வரையே பிடித்துக்கொண்டிருக்கலாம். கற்பனைக் கம்பியைக் கழற்றி மறுபடி செருகினால் சரியாகிவிடும்.

மூடிய கதவின் நன்மை

பழைய பகிர்வு மொழியை வேண்டாம் என்று தடுத்ததற்குக் காரணம் 2017 மே மாதம். வானாக்ரை என்ற பணயத் தாக்குதல் அந்த மொழியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுவதும் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை நிலைகுலைந்தன. எக்ஸ்.பி.க்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்றே நிறுத்திவிட்ட மைக்ரோசாஃப்ட், அந்த அவசரத்தில் அதற்கும் ஓர் ஒட்டு வெளியிட்டது. பழைய கணினியை நினைவுக்காகவும் கோப்புக்காகவும் வைத்துக்கொள்ளலாம். அதைத் தெருவில் நிறுத்தக் கூடாது. பிரிட்ஜ் முறையில் எக்ஸ்.பி.யை வீட்டு வலையில் விடுவது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம். முற்றத்தோடு நிறுத்தி, வேலை முடிந்ததும் அதையும் கழற்றிவிடுவதே நல்லது.

1995-ல் பணம் இல்லாததால் கிடைத்த அரைகுறை இணைப்பு, உள்ளே வர முடியாத இணைப்பு, இருபது வருடம் கழித்துப் பாதுகாப்பாக மாறியது இப்படித்தான்.

எண் தட்டுப்பாடோ தீரவில்லை, முற்றியது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் பங்கிடப்பட்டன. அதே ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கிடங்கும் கட்டுப்பாட்டு நிலைக்கு வந்தது. இன்று பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது எண்ணை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. அதற்கென்றே 100.64 என்று தொடங்கும் ஒரு தொகுதியை 2012-ல் ஒதுக்கினார்கள். வாத்தியாரின் எக்ஸ்.பி.யை நேட்டில் விட்டால் அது ஒரு நேட்டுக்குள், அது வைஃபை பெட்டியின் நேட்டுக்குள், அது நிறுவனத்தின் நேட்டுக்குள். ஸ்டோருக்குள் ஸ்டோர். கூடவே ஐ.பி. ஆறாம் பதிப்பும் வந்துவிட்டது. அதில் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை, அதன் பயன்பாட்டில் உலகின் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உங்கள் கைபேசி அநேகமாக அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

போன் வீட்டுக்கு வீடு வந்ததும் பி.பி. என்ற இரண்டு எழுத்தும் பத்திரிகைகளிலிருந்து மறைந்தன. 10.0.2.15 அப்படி மறையும் என்று தோன்றவில்லை. அடுத்த முறை அதைத் திரையில் பார்த்தால் கோளாறு என்று எண்ணாதீர்கள். கையில் காசில்லாத ஒரு மாணவர் கூட்டத்துக்காக யாரோ ஒருவர் இலவசமாக எழுதிக் கொடுத்தது, இன்று ஒரு வாத்தியாரின் அறுநூறு பக்கத்துக்கும் காவல் நிற்கிறது.